கரண்ட் போனால் கர்னல் கலையுமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு பதிலின் ஓரத்தில், 'கொக்கட்டிச்சோலைப் பொடியன் ஒருவனின் லப்டொப்புக்குக் கர்னலைப் பொதியாகக் கட்டிப் போட்டுக் கொடுத்தேன்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன் (பொதி என்றால் ஒரே கட்டளையில் போடவும் கழற்றவும் கூடிய ஒற்றைக் கோப்பு). வைரஸ், பிரிண்டர், தேத்தண்ணி ஊற்றின கீபோர்ட் என்று வழக்கமாக வருகிற கேள்விகளை எல்லாம் அந்த ஒரு வரி ஓரங்கட்டிவிட்டது. ஆகவே இந்த முறை கர்னல் கடிதங்களுக்கு மட்டும் பதில். கட்டளைகளை உச்சரிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் தட்டுங்கள்.

கர்னல் என்றால் என்ன? அதை ஏன் நாமே கட்ட வேண்டும்? விண்டோஸ் பாவிக்கிற எனக்கும் இது தேவைப்படுமா?
– உயர்தர மாணவி, களுவாஞ்சிகுடி

தங்கச்சி, உங்கள் வீட்டில் யாராவது வயல் செய்தால் வட்டை விதானையைத் தெரிந்திருக்கும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கியதும் யாருடைய வக்கடையை எப்போது திறப்பது, எவ்வளவு நேரம் விடுவது என்று முறை வைத்துக் கொடுப்பவர் அவர்தான். அவர் இல்லையென்றால் மேட்டு வயல்காரன் மறித்துக்கொள்வான், பள்ளத்து வயல் காயும். கணினிக்குள் அந்த வேலையைச் செய்வது கர்னல். பிரவுசர், பாட்டு, அச்சு என்று ஐம்பது புரோகிராம் கை நீட்டிக்கொண்டு நிற்கும். பிராசசர் நேரம், நினைவகம், டிஸ்க், வைஃபை எல்லாவற்றையும் அவற்றுக்குப் பங்குபோட்டுக் கொடுப்பதும், ஒன்றின் இடத்துக்குள் மற்றது கால் வைக்காமல் பார்ப்பதும் அதுதான்.

விண்டோஸின் கர்னல் மைக்ரோசொஃப்டிடம் இருந்து கட்டி முடித்துத்தான் வரும். நாம் அதைத் திறந்து திருத்த வழியில்லை. லினக்ஸ் என்கிற கர்னல் அப்படி இல்லை. 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஒன்று செய்கிறேன் என்று அறிவித்ததில் தொடங்கியது. யாரும் எடுத்துத் திருத்தலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்தில் இருப்பதால் மூல நிரல் முழுவதும் திறந்தே கிடக்கிறது. எடுத்து, வேண்டாததை வெட்டி, வேண்டியதைச் சேர்த்து, நாமே கட்டிக்கொள்ளலாம்.

தேவையா என்றால், பத்துப் பேரில் ஒன்பது பேருக்குத் தேவையில்லை. லினக்ஸை முழு முறைமையாகத் தருகிற டெபியனோ உபுண்டுவோ தருகிற கர்னல் போதும். புதிய வன்பொருளுக்கு ஒரு சின்னத் திருத்தம் போட வேண்டும், பழைய மெஷினுக்கு மெலிந்த கர்னல் வேண்டும், அல்லது உள்ளே என்ன நடக்கிறதென்று பார்க்கிற ஆசை, இப்படி ஏதாவது இருந்தால் கட்டுங்கள். நான் முதலில் கட்டியது ஆசையில்தான். உங்களுக்குச் சோதனை முடியட்டும்.

நான் கர்னலைக் கட்டி 'சுடோ மேக் இன்ஸ்டால்' கொடுத்தே இத்தனை நாளும் போட்டு வருகிறேன். நன்றாகத்தான் ஓடுகிறது. அதைப் பொதியாக்குவது வீண் வேலை இல்லையா?
– கணினிக் கடைக்காரர், காத்தான்குடி

காக்கா, போடுகிற நாளில் வீண் வேலை மாதிரித்தான் இருக்கும். கழற்றுகிற நாளில்தான் விளங்கும்.

'மேக்' என்பது மூல நிரலைக் கட்டுகிற கருவி. நீங்கள் 'மேக் மொடியூல்ஸ் இன்ஸ்டால்', 'மேக் இன்ஸ்டால்' இரண்டையும் கொடுக்கும்போது, மொடியூல்கள் (தேவைப்படும்போது மட்டும் ஏறுகிற கர்னல் துண்டுகள்) 'லிப் மொடியூல்ஸ்' கோப்புறைக்குள் ஆயிரக்கணக்கில் போய் உட்காரும். கர்னல் படிமம், சிஸ்டம் மேப், கொன்ஃபிக் (எதைக் கட்டுவது, எதை விடுவது என்ற பட்டியல்), இனிட்ஆர்டி (ஏறும்போது முதலில் தேவைப்படும் மொடியூல்களின் மூட்டை) என்று நாலு கோப்புகள் 'பூட்' கோப்புறைக்குப் போகும். இதில் ஒன்றுகூட டெபியனின் பதிவேட்டில் ஏறாது. பொதிகளைப் போட்டு எடுக்கிற டிபிகேஜியிடம் கேட்டால் 'எனக்குத் தெரியாது' என்று கையை விரிக்கும். மறுகா ஒரு நாள் பழையதை எடுக்க வேண்டும் என்றால், எந்தக் கோப்பு எந்தக் கர்னலுடையது என்று நீங்கள்தான் பார்த்துப் பார்த்து அழிக்க வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். 2000களின் கடைசியில் நகரத்தில் ஒரு அலுவலகத்தின் கணக்கு மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெட்வேர்க் கார்ட் அடிக்கடி செத்துப்போகிறது என்று ஒரே மாதத்தில் மூன்று கர்னல் கட்டி, மூன்றையும் கையால் போட்டேன். பூட் பகுதி 100 எம்பி மட்டும். நாலாவது போடும்போது இடம் முடிந்து இனிட்ஆர்டி கோப்பு பாதியில் நின்றுவிட்டது. திரையில் அதைச் சொல்லி ஒரு வரி ஓடியிருக்கும், நான் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தேன். அடுத்த நாள் மாதக் கடைசி. காலையில் மெஷினைப் போட்டால் 'கர்னல் பெனிக்', ரூட் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்று வெள்ளை எழுத்து. சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்லடிப் பாலத்தால் ஓடினேன். லைவ் சிடி போட்டு, பழையதை அழித்து இடம் எடுப்போம் என்று அவசரத்தில், நல்லாய் ஓடிக்கொண்டிருந்த கர்னலின் மொடியூல் கோப்புறையையும் சேர்த்து அழித்துவிட்டேன். சம்பளப் பட்டியல் அன்று பின்னேரம்தான் வந்தது. அங்கிருந்த கணக்காளர் ஒரு வார்த்தை ஏசவில்லை, அதுதான் இன்றைக்கும் சுடுகிறது.

இத்தனைக்கும் அந்தக் காலத்திலேயே டெபியனில் மனோஜ் ஸ்ரீவாஸ்தவா எழுதிய 'கர்னல் பெக்கேஜ்' என்ற கருவி இருந்தது. 'மேக்-கேபிகேஜி' என்று ஒரு கட்டளை கொடுத்தால் கர்னலை டெப் பொதியாக்கித் தந்துவிடும். நான்தான் சோம்பலில் விட்டேன். இப்போதைய டெபியனில் அந்தக் கருவி இல்லை, தேடி அலையாதீர்கள். பழைய குறிப்புகளில் அந்தப் பெயரைப் பார்த்தால் அப்படியே தாண்டிப் போங்கள். இன்று கர்னலின் மூல நிரலுக்குள்ளேயே அந்த வேலைக்கு வழி இருக்கிறது: 'மேக் பின்டெப்-பிகேஜி'. வெறும் 'மேக் டெப்-பிகேஜி' என்றால் மூலப் பொதியையும் சேர்த்துச் செய்யும், நேரமும் இடமும் கூடப் போகும். நமக்குத் தேவை 'பின்' போட்டதுதான். ஃபெடோரா லினக்ஸ் பாவிப்பவர்களுக்கு 'பின்ஆர்பிஎம்-பிகேஜி' இருக்கிறது. 6.11இல் இருந்து ஆர்ச் லினக்ஸ்காரர்களுக்கும் 'பேக்மேன்-பிகேஜி' என்று ஒன்று சேர்த்திருக்கிறார்கள்.

பொதியாகப் போட்டால் டிபிகேஜிக்கு ஒவ்வொரு கோப்பும் தெரியும். 'ஆப்ட் பர்ஜ்' ஒரு வரியில் முழுவதும் கழரும், கிரப் (கணினி ஏறும்போது எந்தக் கர்னல் என்று கேட்கிற மெனு) பட்டியலும் தானாகத் திருந்தும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கட்டும் வேலை முழுவதையும் சாதாரணப் பயனராகவே செய்யலாம், நிர்வாகி அதிகாரம் தருகிற சுடோ தேவைப்படுவது பொதியைப் போடும் அந்தக் கடைசி வரிக்கு மட்டும்தான். நடுச்சாமத்தில் கண் சொருகச் சொருகத் தட்டுகிறவர்களுக்கு இது பெரிய காவல்.

முதலில் இருந்து கடைசி வரை ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லித் தாருங்கள். டெபியன் 13, 8 ஜிபி ராம். வீட்டில் இணையம் போன் டேட்டாவில்தான்.
– பல்கலைக்கழக மாணவன், வந்தாறுமூலை

சரி தம்பி, டேட்டாவில் இருந்தே தொடங்குவோம். மூல நிரல் சுருக்கிய கோப்பாக 140 எம்பி அளவில் வரும். கூடவே கட்டுவதற்கான கருவிகளும் சில நூறு எம்பி எடுக்கும். இரவு டேட்டா உள்ள பெக்கேஜ் என்றால் பன்னிரண்டு மணிக்குப் பிறகு இறக்குங்கள். மூல நிரலைக் கர்னல் தளத்தில் இருந்தும் எடுக்கலாம். ஆனால் முதல் தடவைக்கு நான் 'ஆப்ட் இன்ஸ்டால் லினக்ஸ்-சோர்ஸ்' என்றுதான் சொல்வேன். டெபியன் தன் திருத்தங்களைப் போட்டு வைத்த 6.12 அது. 'யூஎஸ்ஆர் எஸ்ஆர்சி' கோப்புறையில் சுருக்கிய கோப்பாக வந்து கிடக்கும்.

கருவிகள் சந்தைக்குப் போகிற துண்டு மாதிரி: பில்ட்-எசென்ஷியல், பிசி, பைசன், ஃப்ளெக்ஸ், லிப்எஸ்எஸ்எல்-டெவ், லிப்எல்ஃப்-டெவ், லிப்என்கர்சஸ்-டெவ், ஆர்சிங்க், சிபிஐஓ, கேமொட், டெப்ஹெல்பர், ட்வார்வ்ஸ். ஒன்று விட்டாலும் பாதியில் நின்று அதன் பெயரைச் சொல்லித் திட்டும், அப்போது போட்டுக்கொள்ளலாம்.

எங்கே விரிப்பது என்பதைக் கவனியுங்கள். கோப்புறைப் பாதையில் எங்காவது இடைவெளி இருந்தால் ('புது ஃபோல்டர் 2' என்று வைப்போமே, அது மாதிரி) கர்னலின் மேக் அங்கேயே மறுத்துவிடும். பென் டிரைவிலோ விண்டோஸ் பகுதியிலோ விரிக்கவும் கூடாது. நெட்ஃபில்டர் (நெட்வேர்க் வடிகட்டி) பகுதியில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டை மட்டும் வைத்துப் பிரித்த கோப்புகள் இருக்கின்றன. 'எக்ஸ்டி கொன்மார்க்' என்பது இரண்டு உண்டு, 'கொன்மார்க்' என்பது ஒன்றில் பெரிய எழுத்து, மற்றதில் சின்ன எழுத்து. எழுத்தின் அளவைப் பார்க்காத பகுதியில் விரித்தால் ஒன்றின் மேல் மற்றது ஏறிவிடும். உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள், லினக்ஸ் பகுதியில் விரியுங்கள்.

அடுத்து கொன்ஃபிக். ஓடிக்கொண்டிருக்கிற கர்னலின் கொன்ஃபிக் 'பூட்' கோப்புறையில் இருக்கும். அதைக் கொப்பி பண்ணி, மூல நிரலுக்குள் 'டொட் கொன்ஃபிக்' என்று வைத்து, 'மேக் ஓல்ட்டெஃப்கொன்ஃபிக்' கொடுங்கள். புதிய கேள்விகளுக்கு வழக்கமான பதிலை அதுவே போட்டுக்கொள்ளும்.

இப்படியே கட்டினால் உலகத்தில் உள்ள எல்லா கார்டுக்கும் மொடியூல் கட்டிக்கொண்டிருப்பீர்கள். என்னுடைய நாலாம் தலைமுறை ஐ5 லப்டொப்பில் அது மூன்றரை மணித்தியாலத்துக்கு மேல் போகும். அதைக் குறைக்க 'மேக் லோக்கல்மொட்கொன்ஃபிக்' என்று ஒன்று உண்டு. இந்த நிமிடம் எந்த மொடியூல்கள் ஏறி இருக்கின்றனவோ அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடும். அதே லப்டொப்பில் நாற்பது நிமிடம். அருமையான சாமான், ஆனால் கொக்கட்டிச்சோலைப் பொடியனை நான் ஏமாற்றியது இதால்தான்.

அவன் லப்டொப்பைக் கடைக்குக் கொண்டு வந்தான். என் வைஃபையில் இணைத்து, லோக்கல்மொட்கொன்ஃபிக் கொடுத்து, கட்டி, போட்டு, ரீபூட் பண்ணிக் காட்டி அனுப்பினேன். மண்முனைப் பாலம் தாண்டி வீட்டுக்குப் போய்ப் போனை யூஎஸ்பியில் செருகி டேட்டா எடுக்கப் பார்த்திருக்கிறான், ஒன்றும் வரவில்லை. பென் டிரைவும் திறக்கவில்லை. ஏழு மணிக்கு எனக்குப் போன். யோசித்துப் பார்த்தால் குற்றம் என்னுடையது. கடையில் கட்டும்போது போனும் செருகி இருக்கவில்லை, பென் டிரைவும் இல்லை. அந்த மொடியூல்கள் அப்போது ஏறாததால், தேவையில்லை என்று அது வெட்டிவிட்டது. 'மனே, ரீபூட் பண்ணு, கிரப்பில் அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ் போய்ப் பழைய கர்னலை எடு' என்றேன். இரண்டு நிமிடத்தில் இணையம் வந்தது. பொதிகள் ஒன்றையொன்று மிதிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் பழையது அப்படியே இருந்தது.

ஆகவே அந்தக் கட்டளைக்கு முன்னால் வீட்டில் உள்ள அத்தனையையும் ஒரு தடவை செருகுங்கள். போன் டெதரிங், டொங்கிள், பென் டிரைவ், பிரிண்டர், வெப்கேம், ப்ளூடூத் ஹெட்செட், புரொஜெக்டர் வயர். கழற்றினாலும் மொடியூல் பெரும்பாலும் ஏறியபடியே இருக்கும், எல்லாம் ஒரே நேரம் செருக வேண்டியதில்லை.

பிறகு 'மேக் மெனுகொன்ஃபிக்'. நீல மெனு வரும். அதில் முதல் தடவைக்கு இரண்டே இடத்தில் கை வைத்தால் போதும். ஒன்று, 'ஜெனரல் செட்டப்' உள்ளே 'லோக்கல் வெர்ஷன்'. அங்கே ஒரு சிறுகோடும் ஒரு பெயரும் கொடுங்கள். நான் '-கல்லடி' என்று போடுவேன். 'யூநேம்' கேட்கும்போது அந்தப் பெயர் வரும், எந்தக் கர்னலில் நிற்கிறோம் என்று சந்தேகமே வராது. சின்ன எழுத்து மட்டும், அடிக்கோடு வேண்டாம். பொதிப் பெயருக்கு டெபியனில் அது ஆகாது. இரண்டாவது, 'கர்னல் ஹேக்கிங்' உள்ளே கம்பைல் நேரச் சோதனைகள் பகுதியில் 'டீபக் தகவல்' (பிழை தேடுகிறவர்களுக்கான குறிப்பு). அதை நிறுத்திவிடுங்கள். நிறுத்தாமல் முழுக் கொன்ஃபிக்கோடு கட்டினால் 20 ஜிபியைத் தாண்டி டிஸ்க்கை விழுங்கும். யாருக்கும் பிரயோசனமில்லாத ஒரு பெரிய 'டிபிஜி' பொதியும் கடைசியில் வந்து நிற்கும்.

இனி 'மேக் -ஜே4 பின்டெப்-பிகேஜி'. நாலு என்பது பிராசசரின் இழைகள், 'என்ப்ராக்' கொடுத்தால் உங்களுடையது எத்தனை என்று சொல்லும். திரையில் 'சிசி', 'சிசி' என்று வரிகள் ஓடத் தொடங்கும். என் லப்டொப் ஃபேன் அந்த நேரம் போடுகிற சத்தத்துக்குப் பக்கத்துக் கடைத் தையல்காரர் எட்டிப் பார்ப்பார்.

முடிந்ததும் மூல நிரல் கோப்புறைக்குள் தேடாதீர்கள், பொதிகள் அதற்கு ஒரு படி மேலே இருக்கும். லினக்ஸ்-இமேஜ், லினக்ஸ்-ஹெடர்ஸ், லினக்ஸ்-லிப்சி-டெவ் என்று மூன்று. 'சுடோ டிபிகேஜி -ஐ' கொடுத்து இமேஜைப் போடுங்கள். வைஃபை டிரைவரை டிகேஎம்எஸ் (கர்னல் மாறும்போது டிரைவரை மறுபடி கட்டுகிற கருவி) வழியாகப் போட்டிருந்தால் ஹெடர்ஸும் கட்டாயம், இல்லாவிட்டால் அந்த டிரைவரைப் புதிய கர்னலுக்குக் கட்ட முடியாது. லிப்சி-டெவ்வைத் தொட வேண்டாம், டெபியன் தந்தது இருக்கட்டும். இனிட்ஆர்டி, கிரப் எல்லாம் பொதி போடும்போதே தானாக நடக்கும். ரீபூட்.

ஒரு விசயம் மறந்துவிடாதீர்கள். இந்தக் கர்னலுக்கு டெபியனிடம் இருந்து பாதுகாப்புத் திருத்தம் வராது. லினக்ஸ்-சோர்ஸ் பொதி புதுப்பிக்கப்படும்போது நீங்கள்தான் மறுபடி கட்டிப் போட வேண்டும்.

உபுண்டுவில் கட்டுகிறேன். ஐந்தாவது நிமிடத்தில் 'டெபியன் கெனோனிக்கல் சேர்ட்ஸ் பெம்' கோப்பைச் செய்ய விதி இல்லை என்று நிற்கிறது. மூன்று தடவை இறக்கிப் பார்த்துவிட்டேன்.
– அக்கரைப்பற்று

இறக்கியது பிழையில்லை, டேட்டாவை இனி வீணாக்காதீர்கள். உபுண்டுவின் கொன்ஃபிக்கைக் கொப்பி பண்ணினீர்கள் அல்லவா? அதில் கெனோனிக்கலின் சான்றிதழ்க் கோப்பு இருக்கும் இடம் எழுதியிருக்கிறது. அந்தக் கோப்பு அவர்களுடைய மூல நிரலில்தான் உண்டு, நீங்கள் எடுத்த பொது மூல நிரலில் இல்லை. மூல நிரல் கோப்புறையில் நின்று 'ஸ்கிரிப்ட்ஸ் கொன்ஃபிக்' என்ற கருவியால் 'சிஸ்டம் டிரஸ்டட் கீஸ்', 'சிஸ்டம் ரிவோகேஷன் கீஸ்' இரண்டையும் டிஸேபிள் பண்ணிவிட்டு மறுபடி மேக் கொடுங்கள். ஏதாவது கேட்டால் என்டரை அழுத்துங்கள்.

4 ஜிபி ராம், இரண்டு கோர். கட்டும்போது 'கில்ட்' என்று வந்து நின்றுவிடுகிறது. அதைத் தாண்டினால் கரண்ட் போய்விடுகிறது. கரண்ட் போனால் முதலில் இருந்து கட்ட வேண்டுமா?
– வாழைச்சேனை

இல்லை. அதே கோப்புறையில் அதே கட்டளையைக் கொடுத்தால், முடிந்ததை விட்டு மிச்சத்தில் இருந்து தொடரும். மேக் கருவி ஒவ்வொரு கோப்பின் நேரத்தையும் பார்த்துத்தான் வேலை செய்கிறது. 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாள் வந்ததே, அந்தக் கிழமையில் ஒரு கர்னலை நான் ஐந்து துண்டாகக் கட்டி முடித்தேன்.

சிக்கல் ஒன்று வரலாம். கரண்ட் போன நொடியில் கம்பைலர் (மூல நிரலை மெஷின் மொழியாக்குகிற கருவி) எழுதிக்கொண்டிருந்த '.ஓ' கோப்பு வெறுமையாக, பூச்சிய அளவில் கிடக்கும். நேரம் புதிதாக இருப்பதால் மேக் அதை முடிந்தது என்று நம்பிவிடும். கடைசியில் இணைக்கும்போது 'கோப்பின் வடிவம் புரியவில்லை' என்று அந்தப் பெயரோடு வரும். அந்த ஒரு கோப்பை அழித்துவிட்டு மறுபடி கொடுங்கள். 'மேக் கிளீன்' மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அத்தனையும் போய்விடும்.

'கில்ட்' என்பது நினைவகம் முடிந்து கர்னல் உங்கள் கம்பைலரைக் கொன்றுவிட்டது என்று அர்த்தம். '-ஜே4' என்று போட்டிருப்பீர்கள். '-ஜே1' போடுங்கள், பிரவுசரை மூடுங்கள், 4 ஜிபிக்கு ஒரு ஸ்வொப் கோப்பு (ராம் போதாதபோது டிஸ்க்கில் கைகொடுக்கும் இடம்) வையுங்கள். மேலே சொன்ன டீபக் தகவலை நிறுத்தினால் பாதிக் கஷ்டம் அங்கேயே தீரும். வாழைச்சேனை வெயிலில் சித்திரை மாதம் பகலில் கட்டாதீர்கள். லப்டொப்பைத் தலைகாணி மேல் வைக்காதீர்கள். ஃபேனைத் திறந்து தூசு எடுத்து எத்தனை வருடம் ஆகிறது? கடற்கரைப் பக்கத்தில் இருந்து வருகிற லப்டொப்புகளில் ஃபேன் இதழில் உப்பும் தூசும் சேர்ந்து வடகம் மாதிரிக் காய்ந்திருக்கும்.

பொதி பிழையில்லாமல் ஏறியது. ரீபூட் செய்தால் 'பேட் ஷிம் சிக்னேச்சர்' என்கிறது.
– மருதமுனை

செக்யூர் பூட் போட்டிருக்கிறீர்கள். டெபியன் தருகிற கர்னலில் கையொப்பம் இருக்கும், நீங்கள் கட்டியதில் இல்லை, அதனால் வாசலில் மறிக்கிறது. இலகு வழி, பயோஸில் செக்யூர் பூட்டை நிறுத்துவது. அதே மெஷினில் விண்டோஸும் இருந்து டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லொக்கர் போட்டிருந்தால், மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொண்டு கை வையுங்கள், கேட்கும். நிறுத்த விருப்பமில்லை என்றால் சொந்தமாக ஒரு சாவி செய்து, 'மொக்யூட்டில்' மூலம் அதைப் பதிந்து, 'எஸ்பிசைன்' கொண்டு கர்னலில் கையொப்பம் இட வேண்டும். ஒவ்வொரு தடவை கட்டும்போதும் இட வேண்டும்.

கூத்துப் பாட்டு, மத்தளம் எல்லாம் ஒலிப்பதிவு செய்கிற சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறோம். பதியும்போது இடையிடையே 'டக்' என்று வெட்டுகிறது. ரியல்டைம் கர்னல் கட்டினால் சரிவரும் என்கிறார்கள். கட்டித் தருவீர்களா?
– செங்கலடி

கட்டித் தந்து காசு வாங்கலாம்தான், ஆனால் தேவையில்லை. ரியல்டைம் திருத்தம் (குறித்த நேரத்துக்குள் பதில் சொல்லக் கர்னலைப் பழக்குவது) பல வருடமாகத் தனியே திரிந்து, 6.12இல்தான் முதன்மைக் கர்னலுக்குள் வந்தது. டெபியன் அதைக் கட்டியே வைத்திருக்கிறது: 'லினக்ஸ்-இமேஜ்-ஆர்டி-ஏஎம்டி64' என்ற பொதி. ஆப்ட் கொண்டு போட்டு, கிரப்பில் அதை எடுத்துப் பாருங்கள்.

அதற்கும் முன்னால், இப்போதிருக்கிற கர்னலிலேயே பூட் வரியில் 'ப்ரீஎம்ட் சமன் ஃபுல்', 'திரெட்ஐஆர்க்யூஸ்' இரண்டையும் சேர்த்து ஒரு பதிவு செய்து பாருங்கள். பல நேரம் அதோடு நின்றுவிடும். வடமோடி ஆட்டத்தில் மத்தள அடி நெருங்கி வரும் இடத்தைப் பதிந்து கேளுங்கள், வெட்டு இருந்தால் அங்கே பிடிபடும். ஒலியைச் சேர்த்து வைக்கிற பஃபர் அளவையும் 128இல் இருந்து 256க்கு ஏற்றிப் பாருங்கள். பதிந்துவிட்டுப் பிறகு கலப்பவர்களுக்கு அந்தச் சின்னத் தாமதம் காதில் படாது.

பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒரே மாதிரியான 15 கணினிகள். ஒவ்வொன்றிலும் தனித்தனியே கட்ட வேண்டுமா?
– தகவல் தொழினுட்ப ஆசிரியை, திருக்கோவில்

ஒன்றில் கட்டினால் போதும் டீச்சர். பொதியாக்குவதன் பெரிய இலாபம் இதுதான். நல்ல மெஷின் ஒன்றில் கட்டி, இமேஜ் பொதியைப் பென் டிரைவில் கொண்டுபோய் மற்றப் பதினாலிலும் 'டிபிகேஜி -ஐ'.

'ஒரே மாதிரி' என்பதை மட்டும் நம்பாதீர்கள். நன்கொடையாக வந்த கணினிகளில் பெட்டி ஒன்றாக இருக்கும், உள்ளே நெட்வேர்க் கார்ட் வேறாக இருக்கும். ஒவ்வொன்றிலும் 'எல்எஸ்மொட்' கொடுத்து வருவதை ஒரு கோப்பில் எடுத்து, பதினைந்தையும் ஒரே கோப்பாக ஒட்டுங்கள். கட்டும் மெஷினில் 'எல்எஸ்மொட் சமன்' அந்தக் கோப்பு என்று சொல்லி லோக்கல்மொட்கொன்ஃபிக் கொடுங்கள் (இந்த வரியில் அந்த 'எல்எஸ்மொட்' மட்டும் பெரிய எழுத்தில்). எல்லாவற்றுக்கும் பொதுவான கர்னல் வரும். மறுபடி கட்டும்போது 'கேடெப் பிகேஜிவெர்ஷன்' (இதுவும் பெரிய எழுத்தில், இரு சொல்லுக்கும் இடையில் அடிக்கோடு) என்பதில் எண்ணை ஏற்றிக்கொண்டால் எந்த மெஷினில் பழையது நிற்கிறது என்று டிபிகேஜி சொல்லும்.

முதலில் ஒரு மெஷினில் போட்டு ஒரு கிழமை பிள்ளைகளிடம் விடுங்கள். உடைக்கிற வேலையை அவர்களை விடக் கெதியாகச் செய்ய யாராலும் முடியாது.

'கர்னல்' என்று எழுதுகிறீர்களே, தமிழில் சொல் இல்லையா? கலைச்சொல்லுக்காக உழைத்த விபுலானந்த அடிகள் பிறந்த ஊரில் இருந்து கேட்கிறேன்.
– காரைதீவு

ஊரைச் சொல்லி மடக்கிவிட்டீர்கள். 'கருவகம்' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், நல்ல சொல். ஆனால் கடைக்கு வருகிற யாரும் இதுவரை 'கருவகம் பழுதாகிவிட்டது' என்று சொன்னதில்லை. சொல்கிற நாளில் நானும் எழுதுகிறேன்.

இந்தப் பத்தியை எழுதுகிற கணினியில் நீங்கள் கட்டிய கர்னல்தானே ஓடுகிறது?
– ஆரையம்பதி

இல்லை, டெபியன் தந்ததுதான். '-கல்லடி' கிரப்பில் மூன்றாவது வரியில் இருக்கிறது. போன கிழமை அதில்தான் இருந்தேன், மனைவியின் பிரிண்டரைச் செருகாமல் கட்டியிருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது.